சின்னக் காயத்துக்கு டர்பனில் எங்கே போவது? கிளினிக்கா, கேஷுவல்டியா?

காவிரிக்கரை
ஞாயிறு, இரவு 11.50

வணக்கம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து இரண்டரை வருடம் ஆகிறது. இங்கே சாட்ஸ்வர்த் பகுதியில் வாடகை வீடு. கணவருக்கு ஒப்பந்த வேலை, மெடிக்கல் எய்டு (மருத்துவக் காப்பீடு) கிடையாது. இன்று நடந்ததை எழுதினால்தான் தூக்கம் வரும் போலிருக்கிறது.

மாலை ஐந்தரை இருக்கும். ஒன்பது வயது மகன் கண்ணாடி டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தான். டம்ளர் உடைந்து வலது உள்ளங்கையில், கட்டைவிரல் மேட்டுக்குக் கீழே, இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. சிங்க் முழுக்க ரத்தம். எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. மாமியார் மஞ்சள்தூள் டப்பாவோடு ஓடி வந்தார். நான் அதைத் தடுத்து, துண்டைச் சுற்றி, அவனைக் காரில் ஏற்றி, கண்ணில் பட்ட தனியார் மருத்துவமனையின் கேஷுவல்டிக்கு (அவசரப் பிரிவு) போனேன். முதலில் பணம் கட்டச் சொன்னார்கள். கட்டிய பிறகு மூன்று மணி நேரம் காத்திருந்தோம். அதற்குள் ரத்தம் தானாகவே நின்றுவிட்டது. பிறகு ஒரு டாக்டர் வந்து பத்து நிமிடத்தில் மூன்று தையல் போட்டார். மொத்தம் 2,350 ராண்ட். எங்கள் வீட்டுக்கு அது இரண்டு வார மளிகை.

டாக்டர் மீது குறை இல்லை, தையல் அழகாக இருக்கிறது. ஆனால் திரும்பி வரும்போது ஒரே யோசனை: இதற்கு வேறு இடம் இருந்ததா? தெருமுனையில் அரசுக் கிளினிக் இருக்கிறது, மாலில் மருந்துக்கடைக்குள் ஒரு சிஸ்டர் உட்கார்ந்திருக்கிறார், நான்கு வீடு தள்ளி ஒரு டாக்டர் இருக்கிறார். எதற்கு யாரிடம் போவது என்று இந்த ஊரில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


நான்காம் தலைமுறை
திங்கள், காலை 6.15

தங்கச்சி, பையன் கை எப்படி இருக்கிறது? முதலில் அதைச் சொல்லுங்கள்.

நான் சாட்ஸ்வர்த்திலேயே வளர்ந்தவன். பாடசாலைத் தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 1969இல் ஆர்.கே.கான் மருத்துவமனை திறப்பதற்கு முன்னால் எங்களுக்கு எது என்றாலும் கிங் எட்வர்டு ஆஸ்பத்திரிதான். ஆயா (பாட்டி) என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போவார்கள், பொழுது சாயும்போது திரும்புவோம். அதனால் எங்கள் வீடுகளில் ஒரு பழக்கம் ஊறிவிட்டது: காது வலி என்றாலும் ஆர்.கே., கால் சுளுக்கு என்றாலும் ஆர்.கே. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் வைத்தியம் பார்த்ததாகக் கணக்கு.

அது தப்பு என்று எனக்கே ஐம்பது வயதுக்கு மேல்தான் புரிந்தது. போன வருடம் காலில் முள் குத்திச் சீழ் பிடித்தது. காலை ஏழு மணிக்குப் பக்கத்து கிளினிக் கியூவில் நின்றேன். பதினொன்றேகாலுக்கு சிஸ்டர் கீறிச் சீழ் எடுத்து, கட்டுப் போட்டு, மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். ஒரு சதம் செலவில்லை. அதே காலோடு ஆர்.கே.க்குப் போயிருந்தால், அங்கே துப்பாக்கிக் குண்டு பட்டவனும் கார் விபத்துக்காரனும் வந்துகொண்டே இருப்பார்கள். என் முள்ளை யார் பார்ப்பது? பார்க்காதது அவர்கள் தப்பும் இல்லை.


ஓய்வுபெற்ற சிஸ்டர்
திங்கள், காலை 9.40

31 வருடம் நர்ஸ் வேலை. அதில் பெரும்பகுதி டர்பன் கிளினிக்குகளில்தான். காவிரிக்கரை, நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கேஷுவல்டியில் வந்த வரிசைப்படி பார்ப்பதில்லை, நிறப்படி பார்ப்பார்கள். நாடித் துடிப்பு, மூச்சு, ரத்த அழுத்தம், காய்ச்சல், நினைவு, நடக்க முடிகிறதா என்று பார்த்து ஒரு மதிப்பெண் போட்டு நிறம் கொடுப்போம். சிவப்பு என்றால் உடனே. ஆரஞ்சு என்றால் பத்து நிமிடத்துக்குள். மஞ்சள் என்றால் ஒரு மணி நேரத்துக்குள். பச்சை என்றால் நான்கு மணி நேரம் வரை. உங்கள் மகன் பச்சையாகத்தான் இருந்திருப்பான். மூன்று மணி நேரம் உட்கார வைத்தது அலட்சியம் இல்லை, அந்தக் கணக்கே அப்படி.

இப்போது காயத்துக்கு வருவோம். துண்டைச் சுற்றினீர்கள், சரி. அதைவிட நல்லது: குழாய் நீரில் நன்றாகக் கழுவிவிட்டு, சுத்தமான துணியை வைத்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்து, பத்து நிமிடம் அழுத்துவது. நடுவில் துணியைத் தூக்கி எட்டிப் பார்க்கக் கூடாது. எல்லாரும் செய்கிற தவறு அதுதான், பார்க்கும்போதெல்லாம் கட்டிய ரத்தம் மறுபடி பிய்ந்துவிடும். பத்து நிமிடம் கழித்தும் கொட்டினால் அது சின்னக் காயம் இல்லை. (உடைந்த துண்டு உள்ளே குத்தி நின்றால் அதைப் பிடுங்கக் கூடாது, அதன் மேல் அழுத்தவும் கூடாது. அப்படியே வைத்துக் கூட்டிப் போகணும்.)

அடுத்தது உள்ளங்கைக்கு மட்டும் நான் எப்போதும் செய்கிற சோதனை. ஒவ்வொரு விரலையும் தனித்தனியாக மடக்கச் சொல்லுங்கள், நுனிக்கணு வரை மடங்க வேண்டும். பிறகு ஒவ்வொரு விரல்நுனியிலும் இரண்டு பக்கமும் பஞ்சால் தொட்டு 'தெரியுதா?' என்று கேளுங்கள். ஒரு விரல் மடங்கவில்லை, அல்லது ஒரு பக்கம் மரத்திருக்கிறது என்றால் தசைநாணோ நரம்போ அறுந்திருக்கலாம். அது கிளினிக் வேலை இல்லை, நேரே ஆஸ்பத்திரி. கண்ணாடி வெட்டு வெளியே சின்னதாகத் தெரியும், உள்ளே ஆழமாகப் போயிருக்கும். எல்லா விரலும் நன்றாக இருந்தால், அந்தக் காயத்துக்கு 24 மணி நேரமும் திறந்திருக்கிற சமுதாய சுகாதார மையம் போதும். ஃபீனிக்ஸ் பகுதியில் இருப்பது அப்படிப்பட்டதுதான். அங்கே சிஸ்டர்களே தைப்பார்கள்.

ஞாயிறு மாலை என்பதுதான் உங்கள் சிக்கல். சாதாரண அரசுக் கிளினிக் திங்கள் முதல் வெள்ளி வரை, பகலில் மட்டும். மறுநாள் காலை வரை வைத்திருந்தால் தைக்கிற நேரம் போயிருக்கும். நாங்கள் பொதுவாக ஆறு மணி நேரக் கணக்கு வைத்திருந்தோம். அதனால் நேற்று நீங்கள் போனது தப்பில்லை. வேறு கதவும் இருந்தது என்பதை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

டெட்டனஸ் ஊசி போட்டார்களா?


காவிரிக்கரை
திங்கள், மதியம் 1.20

சிஸ்டர், நீங்கள் எழுதியதைப் படித்ததும் சோதித்துவிட்டேன். ஐந்து விரலும் மடங்குகிறது, எல்லா நுனியிலும் தொட்டால் தெரிகிறது. ஊர்த் தடுப்பூசி அட்டையைப் பார்த்துவிட்டு, ஐந்து வயதில் போட்டது இருக்கிறது, இப்போது வேண்டாம் என்றார்கள். பத்தாம் நாள் தையல் பிரிக்க வரச் சொன்னார்கள். அதற்கும் அங்கேதான் போகணுமா?


ஓய்வுபெற்ற சிஸ்டர்
திங்கள், மதியம் 1.45

வேண்டவே வேண்டாம். தையல் பிரிப்பதும் கட்டு மாற்றுவதும் கிளினிக்கின் அன்றாட வேலை. டாக்டர் கொடுத்த தாளை எடுத்துக்கொண்டு தெருமுனை கிளினிக்குக்குப் போங்கள்.


மருந்துக்கடைக்காரன்
திங்கள், இரவு 8.05

நான் ஒரு மாலில் மருந்தாளுநர். கடைக்குள் உட்கார்ந்திருக்கும் சிஸ்டர் யார் என்று கேட்டிருந்தீர்கள். கிளிக்ஸ், டிஸ்கெம் போன்ற கடைகளின் பல கிளைகளில் பதிவு பெற்ற நர்ஸ் நடத்தும் சின்ன கிளினிக் உண்டு. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் பார்ப்பது, ஃப்ளூ ஊசி, குழந்தைகளுக்கான தடுப்பூசி, எடை பார்ப்பது, கட்டு மாற்றுவது, குடும்பக் கட்டுப்பாடு, இவைதான் அவர்கள் வேலை. கட்டணம் உண்டு, ஆனால் டாக்டர் கட்டணத்தைவிடக் குறைவு. போன் செய்து நேரம் வாங்கிக்கொண்டு போனால் காத்திருப்பு இல்லை. தையல் போடுவதற்கு அங்கே போகாதீர்கள், திருப்பித்தான் அனுப்புவார்கள்.

ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கோபித்துக்கொள்வது ஒரே விஷயத்துக்குத்தான். 'தொண்டை வலி, ஒரு அசித்ரோமைசின் கொடுங்க' என்பார்கள். இங்கே மருந்துகளுக்கு அட்டவணை எண் உண்டு. பூஜ்யம் என்றால் சூப்பர்மார்க்கெட்டிலேயே வாங்கலாம், பனாடோ (பாராசிட்டமால்) சின்னப் பெட்டி அப்படித்தான். ஒன்றும் இரண்டும் மருந்தாளுநர் கையால், டாக்டர் சீட்டு இல்லாமல். மூன்றிலிருந்து சீட்டு வேண்டும். அசித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் நான்கு. நான் கொடுத்தால் என் உரிமம் போகும், அது நியாயமும்கூட. சளிக்கும் ஃப்ளூவுக்கும் ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, அவை வைரஸ்.

ஆனால் பலருக்குத் தெரியாத ஒன்று: கூடுதல் படிப்பு முடித்து, சுகாதாரத் துறையின் அனுமதி வாங்கிய மருந்தாளுநர்கள் சிலர் இருக்கிறார்கள். சிறுநீர்க் கடுப்பு, காதுத் தொற்று போன்ற சில நோய்களுக்கு அவர்களே பரிசோதித்து மருந்து எழுதலாம். உங்கள் கடையில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். கேட்பதில் ஒன்றும் குறைந்துவிடாது.


மிட்ராண்ட் மென்பொருள்
திங்கள், இரவு 10.30

நான் ஜோகன்னஸ்பர்க் பக்கம். மெடிக்கல் எய்டு இருந்தும் எனக்கு இதே அடி விழுந்தது. ஆஸ்பத்திரிச் செலவை மட்டும் ஏற்கும் பிளான். ராத்திரி மகளுக்குக் காய்ச்சல் என்று கேஷுவல்டிக்குக் கூட்டிப் போனேன். படுக்கையில் சேர்க்காமல் அனுப்பிவிட்டார்கள், அதனால் முழு பில்லும் என் தலையில். அட்மிட் ஆகாத கேஷுவல்டிச் செலவை பிளானுக்குள் இருக்கும் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுக்கும் பிளான்கள்தான் அதிகம், சேமிப்பே இல்லாத பிளானில் நாமே கட்டணும். இதை உங்கள் பிளான் புத்தகத்தில் இன்றைக்கே பாருங்கள், காய்ச்சல் வந்த பிறகு பார்க்காதீர்கள்.

இன்னொன்று. கிளினிக் சிஸ்டர் கொடுக்கும் சிக் நோட்டை (நோய் விடுப்புச் சான்று) ஆபீஸில் ஏற்பார்களா என்று நிறையப் பேர் தயங்குகிறார்கள். சட்டம் டாக்டரை மட்டும் சொல்லவில்லை. நோயைக் கண்டறிந்து வைத்தியம் செய்யத் தகுதி பெற்று, தன் தொழில் கவுன்சிலில் பதிவு செய்தவர் யாரும் கொடுக்கலாம். அதுவும் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் லீவு எடுத்தால், அல்லது எட்டு வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் எடுத்தால்தான் முதலாளி அந்தத் தாளைக் கேட்டு, இல்லையென்றால் சம்பளம் பிடிக்க முடியும். ஒரு நாள் வயிற்றுப்போக்குக்கு 500 ராண்ட் கொடுத்து டாக்டர் தாள் வாங்குவது வீண்.


ஃபீனிக்ஸ் மகள்
செவ்வாய், காலை 7.10

எல்லாரும் கிளினிக்கைப் புகழ்கிறீர்கள். எங்கள் வீட்டில் நடந்ததையும் கேளுங்கள். கிளினிக்கின் பெயரை எழுதப் போவதில்லை.

அப்பாவுக்குப் பதினாறு வருடமாகச் சர்க்கரை. இடது பெருவிரல் பக்கத்தில் செருப்பு கடித்து ஒரு சின்னப் புண். கொத்தமல்லி விதை அளவுதான். கிளினிக்குக்குப் போனார், கட்டுப் போட்டு மூன்று நாள் கழித்து வரச் சொன்னார்கள். போனார். மறுபடி கட்டு. ஒவ்வொரு தடவையும் வேறு சிஸ்டர். ஒருவரும் கட்டுக்கு மேலே காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. ஐந்தாவது வாரம் அவர் சாக்ஸைக் கழற்றும்போது எனக்கு நாற்றம் வந்தது. விரல் கறுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் அந்த விரலை எடுத்துவிட்டார்கள். அப்பா இப்போது கோயிலுக்குள் வெறுங்காலோடு நடக்கத் தடுமாறுகிறார், வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அதை நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பார்க்கிறேன்.

'சின்னக் காயம்' என்று யார் முடிவு செய்வது? நாமா, அவர்களா?


நான்காம் தலைமுறை
செவ்வாய், காலை 8.00

மகளே, அப்பாவை நினைத்து மனசு கனத்துப்போய்விட்டது. என் முள்ளுக் கதையை அவ்வளவு லேசாக எழுதியிருக்கக் கூடாது. எனக்குச் சர்க்கரை இல்லை, அதனால் தப்பித்தேன்.


ஓய்வுபெற்ற சிஸ்டர்
செவ்வாய், காலை 10.20

ஃபீனிக்ஸ் மகள், இதற்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன். அங்கே செய்திருக்க வேண்டியதைச் செய்யவில்லை. சர்க்கரைக்காரர் காலில் வரும் எந்தப் புண்ணும் சின்னப் புண் கிடையாது. அவருக்கு வலி தெரியாது, ரத்தமும் சரியாகப் போகாது. முதல் நாளே இரண்டு கால் செருப்பையும் சாக்ஸையும் கழற்றச் சொல்லி, பாதத்தில் நாடி பார்த்து, உணர்ச்சி இருக்கிறதா என்று சோதித்து, சர்க்கரை அளவையும் பார்த்திருக்க வேண்டும். ஒரு வாரத்தில் சுருங்கவில்லை என்றால் டாக்டருக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

வேலையில் இருந்தபோது நாங்கள் ஒரு நாளில் எத்தனை பேரைப் பார்த்தோம் என்று எனக்குத் தெரியும். அது காரணம், சாக்கு இல்லை. அதனால் நோயாளியின் பக்கத்தில் நின்று சில வார்த்தைகளைச் சொல்லித் தருகிறேன். 'எனக்கு ரெஃபரல் லெட்டர் வேண்டும்' (டாக்டருக்கோ ஆஸ்பத்திரிக்கோ அனுப்பும் கடிதம்) என்று வாய்விட்டுக் கேளுங்கள். 'டாக்டர் எந்தக் கிழமை இந்தக் கிளினிக்குக்கு வருவார்?' என்று கேளுங்கள், பல கிளினிக்குகளுக்கு டாக்டர் குறிப்பிட்ட நாளில் வந்து போவார். மறுத்தால் பொறுப்பு சிஸ்டரைப் பார்க்கணும் என்று சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படுவது நம்மவர்கள்தான். 'சிஸ்டர் கோவிச்சுக்குவாங்க' என்று எத்தனையோ ஆயாக்கள் என் எதிரிலேயே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நானே குனிந்து, 'ஆயா, கால்ல என்ன?' என்று கேட்டால்தான் புடவையை விலக்கிக் காட்டுவார்கள்.

யார் முடிவு செய்வது என்று கேட்டீர்கள். காயம் எவ்வளவு பெரியது என்று பார்த்தால் போதாது, அது யாருடைய உடம்பில் இருக்கிறது என்றும் பார்க்கணும். சர்க்கரைக்காரர், கர்ப்பிணி, மூன்று மாதத்துக்குள் இருக்கிற குழந்தை, எச்.ஐ.வி. உள்ளவர், புற்றுநோய் மருந்து எடுப்பவர், இவர்களுக்கு வரும் காய்ச்சலும் புண்ணும் வேறு. முதல் வாசகமாகவே அதைச் சொல்லுங்கள். 'காலில் புண்' என்று ஆரம்பிக்காதீர்கள், 'எனக்குப் பதினாறு வருடமாகச் சர்க்கரை, காலில் புண்' என்று ஆரம்பியுங்கள்.

காவடி முடிந்த மறுநாள் கிளினிக்கில் எப்போதும் கூட்டம். பிப்ரவரி வெயிலில் தாரில் வெறுங்காலோடு நடந்து பாதம் முழுக்கக் கொப்புளம். மற்றவர்களுக்குக் கழுவிக் கட்டிவிட்டு அனுப்புவோம். சர்க்கரைக்காரர் வந்தால் மட்டும் நான் கட்டிலில் படுக்க வைத்து, விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் டார்ச் அடித்துப் பார்ப்பேன்.


ஃபீனிக்ஸ் மகள்
செவ்வாய், மதியம் 12.05

நன்றி சிஸ்டர். 'சாக்கு இல்லை' என்று ஒரு நர்ஸ் சொல்லி நான் கேட்பது இதுதான் முதல் தடவை. அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன்.


வெருலம் தோட்டம்
செவ்வாய், மாலை 5.50

நாய்க்கடியை யாரும் சொல்லவில்லையே. மூன்று மாதம் முன்பு பக்கத்து வீட்டு நாய் என் மகளின் கெண்டைக்காலில் பல் பதித்துவிட்டது. இரண்டு சிவப்புப் புள்ளி, ஒரு சொட்டு ரத்தம். 'வளர்க்கிற நாய்தானே' என்று நாய்க்காரரே சொன்னார். டெட்டால் தடவி விட்டுவிடத்தான் இருந்தேன். தோட்டத்தில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர்தான், இந்த மாகாணத்தில் நாய் வெறி உண்டு, உடனே கிளம்புங்கள் என்று விரட்டினார்.

கிளினிக்கில் முதல் வேலையாகக் குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வைத்தார்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு சிஸ்டர் பக்கத்தில் நின்றார். அன்றைக்கே தோளில் முதல் ஊசி. ரத்தம் வந்திருப்பதால் காயத்தைச் சுற்றிப் போடும் இன்னொரு மருந்துக்கு ஆஸ்பத்திரிக்குச் சீட்டு. பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள் என்று மொத்தம் நான்கு ஊசி.


ஓய்வுபெற்ற சிஸ்டர்
செவ்வாய், மாலை 6.30

அந்தப் பெரியவருக்கு என் கும்பிடு. குவாசுலு-நட்டாலில் நாய் கடித்து ரத்தம் வந்தால் 'பொறுத்துப் பார்ப்போம்' என்ற பேச்சே கூடாது. ரேபிஸ் அறிகுறி தொடங்கிய பிறகு மருந்து இல்லை. கடித்த இடத்தில் மஞ்சள், மிளகாய், காப்பித்தூள் எதுவும் அப்பாதீர்கள், சோப்பும் ஓடும் நீரும்தான். கடிக்காயத்தைத் தைக்கவும் அவசரப்பட மாட்டோம். குரங்கு கடித்தாலும் கழுவிவிட்டு வந்து காட்டுங்கள், நம் தோட்டங்களில் அவை இல்லாத இடம் ஏது.


மட்டக்களப்பு
செவ்வாய், இரவு 9.15

நாங்கள் இலங்கையிலிருந்து வந்து அகதி விண்ணப்பத் தாளோடு இருக்கிறோம். கிளினிக் வாசலில் ஆட்கள் நின்று ஐ.டி. கேட்டு வெளிநாட்டவரைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்ற செய்தியைப் பார்த்ததிலிருந்து மனைவி வெளியே வரவே பயப்படுகிறாள். குழந்தைக்கு இரண்டு வயது, தடுப்பூசி பாக்கி இருக்கு. போகலாமா?


மிட்ராண்ட் மென்பொருள்
செவ்வாய், இரவு 10.00

போகலாம் அண்ணா, தைரியமாகப் போங்கள். வாசலில் நின்று அப்படி ஐ.டி. கேட்க எந்தத் தனி ஆளுக்கும் உரிமை இல்லை, 2025இல் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றமே தடை போட்டது. தேசிய சுகாதாரச் சட்டம், 2003, மெடிக்கல் எய்டில் இல்லாத ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அரசு மையங்களில் இலவச சேவை என்கிறது. கிளினிக் அளவிலான சேவை மெடிக்கல் எய்டு இல்லாத எல்லாருக்கும் இலவசம். (என்னைப்போல எய்டு உள்ளவர்களுக்கு இந்த இலவசம் சட்டப்படி கிடையாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.)


நான்காம் தலைமுறை
செவ்வாய், இரவு 10.40

இன்னொன்றும் உண்டு. அரசியல் சாசனம் 27ஆம் பிரிவில், அவசர மருத்துவத்தை யாருக்கும் மறுக்கக் கூடாது என்று இருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரிக்கும் அது பொருந்தும். ஆனால் 'அவசரம்' என்றால் என்ன என்று கோர்ட் வரையறுத்தது நம் டர்பன்காரர் ஒருவரின் வழக்கில்தான். தியாகராஜ் சுப்ரமணி என்கிற சூப்ரமோனி, சிறுநீரகம் செயலிழந்தவர், அடிங்டன் மருத்துவமனையில் டயாலிசிஸ் கேட்டார். 1997 நவம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம், தீராத நோய்க்குத் தொடர்ந்து செய்யும் சிகிச்சை அவசர சிகிச்சை ஆகாது என்று சொல்லிவிட்டது. தீர்ப்பு வந்து கொஞ்ச நாளிலேயே அவர் இறந்துபோனார். அந்த வழக்கை எங்கள் தலைமுறை மறக்கவில்லை. திடீரென்று வருகிற உயிராபத்துக்குத்தான் அந்தப் பிரிவு. நாள்பட்ட நோயைக் கிளினிக்கில் மாதாமாதம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று என் பிள்ளைகளிடம் நான் சண்டை போடுவது அதனால்தான்.


ஓய்வுபெற்ற சிஸ்டர்
புதன், காலை 9.00

மட்டக்களப்புத் தம்பி, குழந்தையின் அட்டை எந்த நாட்டு அட்டையாக இருந்தாலும் எடுத்துப் போங்கள். அதைப் பார்த்து, விடுபட்ட ஊசியிலிருந்து தொடருவார்கள், முதலிலிருந்து ஆரம்பிக்க மாட்டார்கள். இங்கே 'ரோடு டு ஹெல்த்' என்று ஒரு புத்தகம் தருவார்கள், அதைப் பத்திரமாக வையுங்கள்.

சின்னக் குழந்தை உள்ள எல்லாருக்கும்: பால் குடிக்க மறுத்தால், குடித்ததெல்லாம் வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், எழுப்பினாலும் துவண்டு கிடந்தால், மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். பெரியவர்களுக்கு நெஞ்சு வலி, வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் விழுவது, மூச்சுத் திணறல். இவற்றுக்கெல்லாம் 10177, மொபைலில் 112. குழந்தை மருந்தையோ பூச்சிமருந்தையோ விழுங்கிவிட்டால் விஷத் தகவல் எண் 0861 555 777, எந்த நேரமும் எடுப்பார்கள்.

வெறும் வயிற்றுப்போக்கு, குழந்தை குடிக்கிறது, விளையாடுகிறது என்றால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் எட்டு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தலைதட்டி அளக்கணும், உப்பு கூடவே கூடாது. ஒவ்வொரு தடவை போன பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.


மருந்துக்கடைக்காரன்
புதன், மதியம் 2.10

நானும் ஒன்று சேர்க்கிறேன். இருமல் மருந்து கேட்டு ஒரே ஆள் மூன்றாவது தடவை வந்தால் நான் விற்பதை நிறுத்திவிட்டு எத்தனை வாரம் என்று கேட்பேன். இரண்டு வாரம் தாண்டினால் அரசுக் கிளினிக்குக்குப் போய்ச் சளி கொடுத்துக் காசநோய் சோதனை செய்யணும். இலவசம். டீ.பி. என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர்கள் முகம் மாறிவிடும், 'எங்க வீட்ல யாருக்கும் இல்லை' என்பார்கள். மாத்திரையை ஒழுங்காக எடுத்தால் குணமாகிற நோய்.

மொசாம்பிக், லிம்போபோ பக்கம் போய் வந்து காய்ச்சல் என்றால் அதை முதலில் சொல்லுங்கள், மலேரியா பார்க்க விரல்நுனி ரத்தம் போதும். புல்வெளியில் நடந்து வந்து தலைவலியும் காய்ச்சலும், உடம்பில் எங்கேயோ கறுத்த பொருக்கு ஒன்றும் இருந்தால் அது உண்ணிக் காய்ச்சல். பனாடோ போட்டுப் படுத்திருக்க வேண்டாம், அதற்குச் சீட்டு மருந்து உண்டு.


காவிரிக்கரை
புதன், மாலை 7.30

எல்லாருக்கும் நன்றி. இன்னும் ஒரு சந்தேகம். மாமியாருக்கு ரத்த அழுத்தம். ஊரிலிருந்து கொண்டு வந்த மாத்திரை தீரப் போகிறது. அவருக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது. கிளினிக்கில் சிஸ்டர்கள் சுலு, இங்கிலீஷ்தான் பேசுகிறார்கள். கூடப் போனால் என்னையும் உள்ளே விடுவார்களா?


நான்காம் தலைமுறை
புதன், இரவு 8.10

அம்மா சொல்வார்கள், கிரே தெருவில் டாக்டர் குணம் அம்மா இருந்த காலத்தில் உள்ளே போய் உட்கார்ந்து நம் பாஷையிலேயே வலியைச் சொல்லலாம் என்று. எடின்பரோவில் படித்துவிட்டு 1936இல் திரும்பி வந்தவர் அவர். இப்போது அப்படி ஒருவர் கிடைப்பது கஷ்டம். நீங்கள் கூடப் போங்கள், விடுவார்கள்.


ஓய்வுபெற்ற சிஸ்டர்
புதன், இரவு 8.25

விடுவார்கள். பழைய மாத்திரை அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், மருந்தின் பெயரும் மில்லிகிராமும் அதில்தான் இருக்கிறது. அழுத்தம் கட்டுக்குள் இருந்து, நிலையானவர் என்று எழுதிவிட்டால், மாதாமாதம் கியூவில் நிற்காமல் பக்கத்து மருந்துக்கடை போன்ற இடத்திலேயே மாத்திரைப் பொட்டலம் வாங்கிக்கொள்ளும் திட்டம் உண்டு. கேளுங்கள்.

மாமியாருக்கு இரண்டு சுலு வாசகம் சொல்லிக் கொடுங்கள். உள்ளே போனதும் 'சவுபோனா, சிஸ்டர்', அதாவது வணக்கம். வலிக்கிற இடத்தில் கையை வைத்து 'குபுஹ்லுங்கு லாபா'. இங்கே வலிக்கிறது என்று அர்த்தம்.


காவிரிக்கரை
அடுத்த புதன், மதியம் 12.40

கிளினிக்கிலிருந்து எழுதுகிறேன். காலை ஆறே முக்காலுக்கே வந்துவிட்டோம், முன்னால் இருபது பேர்தான். மகனுக்குத் தையல் பிரித்தாகிவிட்டது. சிஸ்டர் ஒவ்வொரு விரலையும் மடக்கச் சொல்லிப் பார்த்தார். அவன் தானாகவே பஞ்சை எடுத்து நுனியைத் தொட்டு 'இங்கேயும் தெரியுது' என்று தமிழில் சொன்னான், அவருக்குப் புரிந்துவிட்டது.

மாமியாருக்கு அழுத்தம் பார்த்தார்கள், 168க்கு 96. மாத்திரை அட்டையைக் காட்டினேன், அதே மருந்து இங்கேயும் உண்டு என்று ஒரு மாதத்துக்குக் கொடுத்து, அடுத்த தேதியை அட்டையில் எழுதினார். எழுந்து வரும்போது மாமியார் திடீரென்று முட்டியில் கையை வைத்து 'குபுஹ்லுங்கு லாபா' என்றார். முட்டி வலி என்று இரண்டரை வருடத்தில் எங்களிடம் அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சிஸ்டர் பேனாவை வைத்துவிட்டு மறுபடி உட்காரச் சொன்னார். இப்போது உள்ளே முட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.


ஓய்வுபெற்ற சிஸ்டர்
அடுத்த புதன், மதியம் 12.55

முட்டி வலிக்கு இதற்கு முன் என்ன மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார் என்று அவரிடம் இப்போதே கேட்டு, உள்ளே போய்ச் சொல்லுங்கள். சில வலி மாத்திரைகள் அழுத்தத்தை ஏற்றிவிடும்.


காவிரிக்கரை
அடுத்த புதன், மதியம் 1.05

கேட்டேன். ஊரிலிருந்து ஒரு டப்பா நிறைய டைக்ளோஃபினாக் கொண்டு வந்திருக்கிறார், தினமும் ஒன்று. சொல்லிவிட்டேன். சிஸ்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார்.